ஸ்பாமை எந்த வாசலில் நிறுத்துவது? – வாசகர் கேள்வி பதில்

மெயில் சர்வரில் ஸ்பாம், வைரஸ் வடிகட்டியை எங்கே வைப்பது, வைத்த பிறகு ஏன் தகராறு செய்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை சேர்த்துப் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அவற்றில் விவரமாக எழுதியிருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 60 மெயில் பெட்டிகள். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளில் வைத்துப் படிக்கத் தரும் டவ்காட் இரண்டும் ஒரே லினக்ஸ் சர்வரில் ஓடுகின்றன. ஸ்பாம் வடிகட்டியையும் வைரஸ் ஸ்கேனரையும் முன்னால் ஒரு தனி கேட்வே (வெளி மெயிலை முதலில் வாங்கிச் சோதித்து உள்ளே அனுப்பும் சர்வர்) போட்டு அதில் வைப்பதா, இதே சர்வரில் வைப்பதா, அல்லது ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் இருந்தால் போதுமா?
– சிஸ்டம் அட்மின், திருப்பூர்

பதில்: வெளியிலிருந்து வரும் மெயிலை முதலில் கைநீட்டி வாங்கும் சர்வர் எதுவோ, அங்கேதான் வைக்க வேண்டும். உங்களிடம் மெயில் பெட்டிகள் இருக்கும் சர்வரே இணையத்தையும் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அதிலேயே வைக்கலாம்; ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் சோதனை நடக்க வேண்டும். எந்த மெஷின் என்பதைவிட இந்த 'முன்னால்' முக்கியம்.

பதிவுத் தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் வாசலில் நிற்கும்வரை வேண்டாம் என்று திருப்பிவிடலாம். எடுத்துப் போவது அவர் பாடு. கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால் அது உங்கள் பொறுப்பு. மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் முறையான எஸ்எம்டிபியும் இப்படித்தான். எதிர்ச் சர்வர் 25-ஆம் போர்ட்டுக்கு வருகிறது, அனுப்புபவர் யார், பெறுபவர் யார் என்று சொல்கிறது, கடிதத்தை முழுதாகக் கொட்டுகிறது, கடைசியில் தனி வரியில் ஒரு புள்ளி வைக்கிறது. அந்தப் புள்ளிக்கு உங்கள் சர்வர் 250 என்று பதில் சொன்னால் கையெழுத்து விழுந்துவிட்டது. 550 என்றால் வாங்கவில்லை. இந்தப் பதிலுக்காக அனுப்பும் சர்வர் 10 நிமிடம்வரை காத்திருக்க வேண்டும் என்கிறது எஸ்எம்டிபியின் விதி ஆவணமான ஆர்எஃப்சி 5321. சோதித்து முடிக்க உங்களுக்குச் சில நொடிகள் போதும்.

250 சொன்ன பிறகு 'இது ஸ்பாம்' என்று தெரிந்தால் உங்கள் முன் இருக்கும் வழிகள் எதுவும் நன்றாக இல்லை. சத்தமில்லாமல் அழித்தால், தவறாகப் பிடிபட்ட ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் காணாமல் போனது இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. அனுப்பியவருக்கு 'உங்கள் மெயிலை ஏற்கவில்லை' என்று திருப்பி எழுதினால், ஸ்பாமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி என்பதால், சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் தலையில் அது போய் விழும். 2004 ஜனவரியில் மைடூம் வைரஸ் பரவியபோது இதுதான் நடந்தது. அது போலி முகவரி வைத்தே பரவியது. வைரஸ் ஸ்கேனர்கள் அந்தப் போலி முகவரிகளுக்கெல்லாம் 'உங்கள் மெயிலில் வைரஸ் இருக்கிறது' என்று எழுதித் தள்ளின. இன்று அப்படிச் செய்யும் சர்வரின் ஐபி கருப்புப் பட்டியலில் ஏறிவிடும். வாசலிலேயே 550 சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நிஜமான ஆள் அனுப்பியிருந்தால் அவருடைய சர்வரே அவருக்கு உடனே தகவல் சொல்லும். ஸ்பாம் அனுப்பும் பாட் (தானியங்கி நிரல்) என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அமைத்திருந்தால் ஒன்றைச் சரிபாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்கிக் கியூவில் (காத்திருப்பு வரிசையில்) போட்டு, அங்கிருந்து அமாவிஸ் என்ற சோதனை நிரலுக்கு 10024 போர்ட்டில் கொடுத்து, 10025-இல் திரும்ப வாங்கும் அமைப்பு பல இடங்களில் ஓடுகிறது. அது கையெழுத்துப் போட்ட பிறகு நடக்கும் சோதனை. அதற்குப் பதில் ஆர்ஸ்பாம்டி என்ற ஸ்பாம் வடிகட்டியை மில்டராக (மெயில் வாங்கும்போதே இடையில் சோதிக்கும் இணைப்பாக) 11332 போர்ட்டில் இணையுங்கள். கடைசிப் புள்ளிக்கும் பதிலுக்கும் நடுவிலேயே சோதனை முடிந்துவிடும்.

வரிசையும் முக்கியம். செலவு குறைந்த சோதனை முதலில், கனமானது கடைசியில். போஸ்ட்ஃபிக்ஸ் 2.8-இலிருந்து உடன் வரும் போஸ்ட்ஸ்க்ரீன் முதல் காவலாளி. அது வரவேற்பு வரியில் பாதியைச் சொல்லிவிட்டு 6 நொடி பேசாமல் இருக்கும். ஒழுங்கான சர்வர் முழு வரியும் வரட்டும் என்று காத்திருக்கும். அவசரக்கார பாட் அதற்குள் வாயைத் திறந்து மாட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியிலேயே ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் தரும் ஐபி கருப்புப் பட்டியலையும் பார்த்துவிடும். இவ்வளவும் கடிதத்தின் ஒரு எழுத்தைக்கூட வாங்காமல் நடக்கிறது. அடுத்து, பெறுநர் முகவரி நிஜமாகவே உங்களிடம் இருக்கிறதா என்ற சோதனை. அதன் பிறகு ஆர்ஸ்பாம்டி எஸ்பிஎஃப் (அனுப்பும் ஐபிக்கு அந்த டொமைன் அனுமதி தந்திருக்கிறதா), டிகிம் (கடிதத்தின் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இவை அனுப்புநர் டொமைனோடு பொருந்துகின்றனவா), உள்ளடக்கம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடும். கிளாம்ஏவி என்ற வைரஸ் ஸ்கேனரை அதற்குள்ளேயே வைரஸ் சோதனையாக இணைத்துவிடுங்கள். வைரஸ் கண்டால் மறுக்க வேண்டும் என்பதையும் அதில் சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் அது ஒரு அடையாளம் மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடும்.

60 பெட்டிகளுக்குத் தனி கேட்வே தேவையில்லை. 4 கோர், 8 ஜிபி ராம் இருந்தால் ஒரே சர்வர் தாங்கும். நூற்றுக்கணக்கான பெட்டிகள், அல்லது உள்ளே மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் ஓடுகிறது என்றால் கேட்வேயைத் தனியாகப் பிரியுங்கள். பிரிக்கும்போது, செல்லுபடியாகும் முகவரிப் பட்டியல் கேட்வேயில் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்வே எல்லாவற்றுக்கும் 250 சொல்லி வாங்கும், உள்ளே இருக்கும் சர்வர் 'அப்படி யாரும் இல்லை' என்று மறுக்கும், கேட்வே போலி முகவரிக்குத் திருப்பி எழுத ஆரம்பிக்கும்.

கம்ப்யூட்டர்களில் ஆன்டிவைரஸ் இருக்கட்டும். பென் டிரைவ், டவுன்லோட் வழியாக வருவதை மெயில் சர்வர் பார்க்க முடியாது. ஆனால் ஸ்பாம் பிடிக்கும் வேலையை அதனிடம் விடாதீர்கள். தண்டர்பேர்டில் இன்பாக்ஸ் முழுவதும் வழக்கமாக ஒரே கோப்பு. அதில் ஒரே ஒரு வைரஸ் மெயிலைக் கண்டு ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பையே பூட்டி வைத்தால் காலையில் இன்பாக்ஸ் காலியாக இருக்கும். மெயில்களைத் தனித்தனியாகத் தடுத்துவைக்க ஆன்டிவைரஸுக்கு அனுமதி தரும் அமைப்பு தண்டர்பேர்டிலேயே இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். சர்வரிலும் இதே ஆபத்து உண்டு. போஸ்ட்ஃபிக்ஸின் கியூ, மெயில் பெட்டிகள், எக்ஸ்சேஞ்சின் டேட்டாபேஸ், அதன் லாக் கோப்புகள் ஆகியவை உள்ள ஃபோல்டர்களைச் சாதாரணக் கோப்பு ஸ்கேனர் தொடக்கூடாது. விலக்குப் பட்டியலில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஃபயர்வாலிலேயே மெயில் ஸ்கேன் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் சர்வரில் எதுவும் வேண்டாமா?
– கோவை

பதில்: இன்றைக்கு இரண்டு சர்வர்கள் பேசும் பேச்சு பெரும்பாலும் டிஎல்எஸ் என்ற என்க்ரிப்ஷனில் பூட்டிக்கொண்டுதான் நடக்கிறது. நடுவில் நிற்கும் ஃபயர்வாலால் அதைப் படிக்க முடியாது. படிப்பதற்காகச் சில ஃபயர்வால்கள் செய்வது இன்னும் மோசம்: டிஎல்எஸ் தொடங்கலாம் என்பதற்கு 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' என்று சர்வர் சொல்லும் வரியை எக்ஸ் எழுத்துகளாக மாற்றிவிடும். எதிர்ப் பக்கம், இந்தச் சர்வருக்கு என்க்ரிப்ஷன் தெரியாது என்று நினைத்துத் திறந்த கடிதமாக அனுப்பிவிடும். உங்கள் சர்வருக்கு வெளியிலிருந்து 25-ஆம் போர்ட்டில் டெல்நெட் செய்து 'ஈஹெச்எல்ஓ' (சர்வரின் வசதிகளைக் கேட்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். பதிலில் எக்ஸ் வரிசை தெரிந்தால் ஃபயர்வாலில் அந்த ஆய்வை அணைத்துவிடுங்கள். ஃபயர்வால் தானே மெயிலை முழுதாக வாங்கி மறுபடி அனுப்பும் வகை என்றால் அதை ஒரு கேட்வேயாகவே எண்ணுங்கள்; முகவரிப் பட்டியல் உட்பட மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

கேள்வி: ஒரு வருடமாக ஒழுங்காக ஓடிய சர்வர் திடீரென்று எல்லா மெயிலையும் மறுக்கிறது. ஜிமெயிலிலிருந்து வருவதையும் விடவில்லை. லாகில் ஸ்பாம்ஹவுஸ் பெயரும் 127.255.255.254 என்ற எண்ணும் இருக்கின்றன.
– மதுரை

பதில்: அந்த எண்ணிலேயே விடை இருக்கிறது. 'இந்த ஐபி கெட்டது' என்று அது சொல்லவில்லை. 'நீங்கள் பொதுவான டிஎன்எஸ் ரிசால்வர் (பெயருக்கான விடையைத் தேடித் தரும் சர்வர்) வழியாகக் கேட்கிறீர்கள், பதில் தரமாட்டோம்' என்று சொல்கிறது. சர்வரின் டிஎன்எஸ்ஸை யாரோ கூகுளின் 8.8.8.8 போன்ற ஒன்றுக்கு மாற்றியிருப்பார்கள். கேள்விகள் அளவு மீறினால் 127.255.255.255 வரும், பட்டியலின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் 127.255.255.252. உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ், எந்தப் பதில் வந்தாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் கதவு அடைந்துவிட்டது.

இரண்டு வேலை செய்யுங்கள். மெயில் சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற ரிசால்வரை நிறுவி, 127.0.0.1-ஐ (அதாவது அதே சர்வரை) டிஎன்எஸ்ஸாக வையுங்கள். அதை வேறு எந்த ரிசால்வருக்கும் தள்ளிவிடாமல் மூல சர்வர்களையே நேராகக் கேட்க விடுங்கள். பிறகு போஸ்ட்ஸ்க்ரீனில் ஸ்பாம்ஹவுஸின் ஜென் என்ற கூட்டுப் பட்டியலுக்கு, 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதிலை மட்டுமே கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது வேலையை ரிசால்வர் சரியாக இருக்கும் சர்வரிலும் இன்றே செய்துவைக்கலாம். நாளை யார் டிஎன்எஸ்ஸை மாற்றினாலும் மெயில் நிற்காது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு: வீட்டு பிராட்பேண்டு ஐபிகள் பெருமளவு அதே ஜென் பட்டியலின் பிபிஎல் பிரிவில் இருக்கும். அது குற்றச்சாட்டு அல்ல, 'இந்த ஐபியிலிருந்து நேராக 25-ஆம் போர்ட்டுக்கு மெயில் வரக்கூடாது' என்ற அறிவிப்பு. உங்கள் ஊழியர் வீட்டிலிருந்து அனுப்பும்போது மறுக்கப்பட்டால், அவர் 25-ஐப் பயன்படுத்துகிறார் என்று பொருள். ஊழியர்கள் மெயில் அனுப்புவதற்கான 587 அல்லது 465 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அந்தப் போர்ட்டுகளில் பாஸ்வேர்டு கட்டாயம், ஐபி பட்டியல் சோதனை கூடாது.

கேள்வி: கிளாம்ஏவி அடிக்கடி நின்றுவிடுகிறது. அது நிற்கும் நேரத்தில் மெயில் தடையில்லாமல் வருகிறது. 2 ஜிபி விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்).
– யாழ்ப்பாணம்

பதில்: 2 ஜிபி போதாது. வைரஸ் அடையாளங்கள் முழுவதையும் கிளாம்ஏவியின் பின்னணி நிரலான கிளாம்டி ராமில் ஏற்றி வைக்கிறது. அதுவே 1 ஜிபியைத் தாண்டும். புதிய அடையாளங்கள் வந்ததும், பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றிவிட்டுத்தான் மாற்றுகிறது. அந்தச் சில நொடிகளில் தேவை இரட்டிப்பாகும். லினக்ஸ் கர்னல் அதைக் கொன்று இடம் பிடிக்கும். கர்னல் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று பதிந்திருக்கிறதா பாருங்கள். குறைந்தது 3 ஜிபி கிளாம்ஏவிக்கு என்றே வேண்டும்; மற்ற வேலைகளையும் சேர்த்தால் 6 ஜிபி விபிஎஸ் எடுப்பது நல்லது. உடனடியாக முடியாது என்றால், இரட்டையாக ஏற்றுவதை நிறுத்தும் அமைப்பு 0.103 பதிப்பிலிருந்து உண்டு. ஏற்றும்வரை ஸ்கேன் நின்று காத்திருக்கும், ராம் மிச்சமாகும்.

ஸ்கேனர் செத்திருக்கும்போது மெயில் உள்ளே வருவதுதான் உண்மையான கவலை. வடிகட்டி பதில் சொல்லாவிட்டால் 'பிறகு வா' என்று 4-இல் தொடங்கும் பதில் சொல்வதுதான் போஸ்ட்ஃபிக்ஸில் இயல்பாக உள்ள நடத்தை. பல வழிகாட்டிகள் அதை 'ஏற்றுக்கொள்' என்று மாற்றச் சொல்கின்றன. திருப்பி வையுங்கள். அதோடு, ஆர்ஸ்பாம்டி உயிரோடு இருந்து கிளாம்ஏவி மட்டும் விழுந்தால், ஆர்ஸ்பாம்டி 'வைரஸ் சோதனை தவறியது' என்று ஒரு பூஜ்யம் மதிப்பெண் அடையாளம் மட்டும் போட்டு மெயிலை விட்டுவிடும். அந்த அடையாளம் வந்தால் தற்காலிகமாக மறு என்று ஒரு கட்டாய விதி எழுதுங்கள். அனுப்பும் சர்வர்கள் 4 அல்லது 5 நாள்வரை திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்பதுதான் வழக்கம்; ஒரு மணி நேரத் தாமதத்தால் எதுவும் தொலையாது.

சோதிக்க, 68 எழுத்துகள் கொண்ட ஐகார் கோப்பை (தீங்கில்லாத சோதனை வைரஸ்) வெளி சர்வர் ஒன்றிலிருந்து ஸ்வாக்ஸ் என்ற மெயில் சோதனைக் கருவி மூலம் அனுப்புங்கள். கடைசிப் புள்ளிக்குப் பின் 5-இல் தொடங்கும் பதில் வர வேண்டும். பிறகு கிளாம்டியை நிறுத்திவிட்டு இன்னொரு முறை அனுப்புங்கள். இப்போது 4-இல் தொடங்க வேண்டும். 250 வந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

கேள்வி: மாதச் சந்தா கட்டி க்ளவுட் வடிகட்டி வாங்கி, எம்எக்ஸை (டொமைனின் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை) அதற்கு மாற்றி ஆறு மாதமாகிறது. இன்னும் ஸ்பாம் வருகிறது. சேவையை மாற்றலாமா?
– சென்னை

பதில்: மாற்றுவதற்கு முன் தப்பி வந்த ஒரு ஸ்பாமின் முழு ஹெடரை (மெயில் வந்த வழி பதிந்திருக்கும் மேல்பகுதியை) திறந்து, 'ரிசீவ்டு' வரிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். உங்கள் சர்வர் போட்ட வரியில் க்ளவுட் சேவையின் பெயர் இல்லாமல் ஏதோ ஒரு ஐபி நேராக வந்திருந்தால், ஸ்பாம் அனுப்புபவர் எம்எக்ஸைப் பார்க்கவே இல்லை. உங்கள் சர்வரின் பழைய ஐபி அவரிடம் இருக்கிறது, அல்லது 'மெயில்' என்று தொடங்கும் உங்கள் டொமைன் பெயரை ஊகித்து வந்திருக்கிறார். முன்வாசலில் காவல் போட்டுவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான். உங்கள் ஃபயர்வாலில் 25-ஆம் போர்ட்டை அந்தச் சேவையின் ஐபிகளுக்கு மட்டும் திறந்து, மற்றவர்களுக்கு அடையுங்கள். மைக்ரோசாஃப்ட் 365-இல் பெட்டிகள் இருந்தால் இதையே கனெக்டர் அமைப்பில் செய்ய வேண்டும்.

இன்னொன்று: உங்கள் சர்வருக்கு இப்போது எல்லா மெயிலும் க்ளவுட் சேவையின் ஐபியிலிருந்து வருவதாகத்தான் தெரியும். அங்கே எஸ்பிஎஃப் சோதித்தால் நல்ல மெயிலும் தோற்கும். ஐபியை வைத்துச் செய்யும் சோதனைகளை வெளி வாசலுக்கே விட்டுவிடுங்கள். டிகிம்மும் அப்படித்தான். வடிகட்டி தலைப்பில் 'ஸ்பாம்' என்று சேர்த்தாலோ கீழே எச்சரிக்கை வாசகம் ஒட்டினாலோ கையொப்பம் உடைந்துவிடும். அதன் பிறகு உள்ளே சோதிப்பதில் அர்த்தமில்லை.

கேள்வி: இரண்டாவது எம்எக்ஸ் வைப்பது பாதுகாப்புதானே?
– சேலம்

பதில்: முதலாவதில் இருக்கும் அதே வடிகட்டி, அதே முகவரிப் பட்டியல் இரண்டாவதிலும் இருந்தால் வைக்கலாம். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். ஸ்பாம் அனுப்புபவர்கள் வேண்டுமென்றே முன்னுரிமை எண் பெரிதான, அதாவது இரண்டாவது எம்எக்ஸைத் தேடிப் போவார்கள். காவல் குறைந்த வாசல் அது என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: எங்கள் மெயில் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் வந்து விழுகிறது. ஃபெட்ச்மெயில் மூலம் 5 நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து அலுவலகச் சர்வரில் போடுகிறோம். ஆர்ஸ்பாம்டியை இங்கே போட்டேன். இப்போது யார் யாருக்கோ திருப்பி மெயில் போகிறது.
– தஞ்சாவூர்

பதில்: உடனே மறுப்பதை நிறுத்துங்கள். நீங்கள் ஃபெட்ச்மெயிலில் எடுக்கும்போது கையெழுத்து ஏற்கெனவே ஹோஸ்டிங் நிறுவனத்தில் விழுந்துவிட்டது. இங்கே 550 சொன்னால் அது போய்ச் சேருவது ஃபெட்ச்மெயிலிடம். அது அந்தப் போலி அனுப்புநருக்குத் திருப்பி எழுதுகிறது. ஃபெட்ச்மெயிலில் இப்படித் திருப்பி எழுதும் பவுன்ஸ் மெயிலை அணையுங்கள். ஆர்ஸ்பாம்டியில் அடையாளம் போடுவதை மட்டும் வைத்துக்கொண்டு, டவ்காட்டின் சீவ் (மெயிலை ஃபோல்டர்களில் பிரித்துப் போடும்) விதி மூலம் ஜங்க் ஃபோல்டருக்குத் தள்ளுங்கள். எல்லா மெயிலும் 127.0.0.1-இலிருந்து வருவதாக ஆர்ஸ்பாம்டி நினைக்கும் என்பதால் ஐபி சோதனைகளும் பயன்படாது. வெளிப்புற ரிலே என்ற மாட்யூலை இயக்கினால், ஹெடரிலிருந்து உண்மையான ஐபியை எடுத்துக்கொள்ளும். நிரந்தரத் தீர்வு, ஹோஸ்டிங் நிறுவனத்தின் பக்கத்திலேயே வடிகட்டலை இயக்கச் சொல்வது. அல்லது எம்எக்ஸை உங்கள் சர்வருக்கே கொண்டுவருவது. இரண்டாவது வழிக்கு நிலையான ஐபியும், அந்த ஐபியிலிருந்து பெயருக்குப் போகும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் வேண்டும்.

கேள்வி: மதிப்பெண் எவ்வளவு வைப்பது? நல்ல மெயில் மாட்டிக்கொள்ளும் பயம் இருக்கிறது.
– திருச்சி

பதில்: ஆர்ஸ்பாம்டியில் முதலிலேயே இருக்கும் அளவுகள்: 4 வந்தால் கிரேலிஸ்ட், 6 வந்தால் ஹெடரில் அடையாளம், 15 வந்தால் மறுப்பு. முதல் மாதம் 15-ஐக் குறைக்காதீர்கள். 6-க்கும் 15-க்கும் நடுவில் விழுவது ஜங்க் ஃபோல்டருக்குப் போகட்டும். ஊழியர்கள் பார்த்துத் தவறானதை இன்பாக்ஸுக்கு இழுத்தால் அதையே பாடமாக எடுத்துக்கொள்ள டவ்காட்டில் ஐமேப் சீவ் இருக்கிறது. சொற்களின் நிகழ்தகவை வைத்துக் கணிக்கும் பேய்ஸ் முறை பேச ஆரம்பிக்க ஸ்பாமில் 200, நல்ல மெயிலில் 200 பாடம் வேண்டும். பலரும் ஸ்பாமை மட்டும் ஆயிரக்கணக்கில் ஊட்டிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கிறார்கள். நல்ல மெயில் 200-ஐ எட்டியிருக்காது.

கிரேலிஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. முதல் முறை வரும் சர்வரைச் சில நிமிடம் கழித்து வரச்சொல்லும் முறை அது. வங்கி ஓடிபி மெயில் அதில் மாட்டினால் காலாவதியாகித்தான் வரும். அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அதை அணைத்து வையுங்கள்.

கேள்வி: வரும் மெயிலை நன்றாக வடிகட்டுகிறோம். ஆனால் எங்கள் ஐபியே கருப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. ஒரு ஊழியரின் பாஸ்வேர்டு திருடு போயிருந்தது.
– புதுச்சேரி

பதில்: வெளியே போகும் மெயிலுக்கும் அதே வடிகட்டியைப் போடுங்கள். 587, 465 வழியாக வருவதும் ஆர்ஸ்பாம்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் ரேட்லிமிட் (அனுப்பும் அளவைக் கட்டுப்படுத்தும்) மாட்யூலில், லாகின் பெயர் ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 60 பெறுநர் என்று தொடங்கலாம். சர்க்குலர் அனுப்பும் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் கூட்டிக் கொடுங்கள். அளவு தாண்டினால் உங்களுக்கு எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள். இரவு 2 மணிக்கு ஒரு கணக்கு தன் எல்லையைத் தொடுகிறது என்றால் பாஸ்வேர்டு போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். அலுவலக நெட்வொர்க்கிலிருந்து 25-ஆம் போர்ட்டில் வெளியே போக மெயில் சர்வருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வைரஸ் பிடித்த ஒரு லேப்டாப் நேராக ஸ்பாம் அனுப்பி உங்கள் ஐபியைக் கெடுப்பது அதோடு நிற்கும்.

பட்டியலிலிருந்து விடுவிக்கக் கேட்பதற்கு முன், பாஸ்வேர்டை மாற்றி, அந்தக் கணக்கின் திறந்திருக்கும் இணைப்புகளைத் துண்டித்து, கியூவில் தேங்கியிருக்கும் அவருடைய மெயில்களை அழித்துவிடுங்கள். கியூ காலியாகாமல் விண்ணப்பித்தால், விடுவித்த சில நிமிடத்திலேயே மீதி ஸ்பாம் கிளம்பும். இரண்டாவது முறை வெளியே வருவது கடினம். லாக்குகளை அழிக்காதீர்கள். 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி இந்தியாவில் அவற்றை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எந்த ஐபியிலிருந்து அந்தக் கணக்குக்குள் நுழைந்தார்கள் என்பதும் அவற்றில்தான் இருக்கிறது.